மழைக்காலத்தில் வீட்டுக்குள் விளையாட்டு: குழந்தைகளின் உடலியக்கம் குறையாமல் காத்தல்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டமாகும். ஆகவே இரணியல், தக்கலை பகுதிகளில் ஜூன் முதல் டிசம்பர் வரை பல மாலைப்பொழுதுகளில் குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரிடுகிறது. கொரோனா பெருந்தொற்றின்போது இந்நிலை மாதக்கணக்கில் நீடித்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இத்தகைய நாட்களில் குழந்தையை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது எளிது. ஆனால் வளரும் எலும்பு, தசை, இதயம் ஆகியவற்றிற்கும் நல்ல உறக்கத்திற்கும் அன்றாட உடலியக்கம் இன்றியமையாதது.

எவ்வளவு இயக்கம் தேவை?

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள்:

• 1 வயதிற்குட்பட்ட, இன்னும் தவழாத குழந்தை: விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில், நாள் முழுவதுமாகச் சேர்த்துக் குறைந்தது 30 நிமிடம் குப்புறப் படுத்து விளையாட வேண்டும்.
• 1 முதல் 4 வயது: நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட இயக்கம். 3 வயதிலிருந்து இதில் 60 நிமிடமாவது சுறுசுறுப்பான விளையாட்டாக இருக்க வேண்டும்.
• 5 முதல் 17 வயது: நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம்.
• 2 வயதிற்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் வேண்டாம்.

இந்நேரத்தை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. பத்துப் பத்து நிமிடங்களாகவும் பிரித்துக்கொள்ளலாம். விளையாடும்போது குழந்தையால் பேச முடிந்து, பாட முடியாத அளவிற்கு மூச்சு வாங்கினால், அது போதுமான வேகம்.

என்னென்ன விளையாடலாம்?

• தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து பாண்டி ஆடலாம். நொண்டியடித்தல் கால் எலும்புகளுக்கு வலுவூட்டும்.
• கும்மி, கோலாட்டம் ஆகியவற்றைத் தாத்தா பாட்டியும் உடன் நின்று சொல்லிக்கொடுக்கலாம்.
• தவளைபோல் தாவுதல், நண்டுபோல் நடத்தல், யானைபோல் அசைதல் ஆகியவை சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை.
• பழைய துணியைப் பந்தாகச் சுருட்டிக் கூடையில் எறியலாம்.
• கண்ணாமூச்சி ஆடலாம். மேல்தளம் இல்லாத, உயரமான கூடத்தில் கயிறு தாண்டலாம்.

பல்லாங்குழி, தாயம் போன்றவை அறிவிற்கு நல்லவை. எனினும் அமர்ந்து ஆடுபவை என்பதால் இவற்றை உடலியக்கக் கணக்கில் சேர்க்க இயலாது.

பாதுகாப்பு

மழை ஈரத்தால் வழுக்கும் திண்ணையிலும் முற்றத்திலும் ஓட விடாதீர்கள். தரையைத் துடைத்து உலர்த்தி, காலுறையின்றி வெறுங்காலுடன் ஆடச் செய்யுங்கள். அடுப்பு, வெந்நீர்ப் பாத்திரம், கூர்முனை மேசை ஆகியவற்றை விட்டு விலகிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உடல்நலக் குறைவுள்ள குழந்தைகள்

காய்ச்சல் இருக்கும்போது ஓய்வே சிறந்தது. நலமடைந்தபின் சிறிது சிறிதாக விளையாட்டைத் தொடங்குங்கள்.

ஆஸ்துமா உள்ள குழந்தையை அச்சத்தால் முற்றிலும் உட்கார வைத்துவிட வேண்டாம். நோய் கட்டுப்பாட்டில் இருக்கும்போது அக்குழந்தையும் விளையாடலாம். பூஞ்சை படிந்த சுவர், தூசி, கொசுவர்த்திப் புகை இல்லாத அறையில், மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். மருத்துவர் பரிந்துரைத்த இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வலிப்பு நோயுள்ள குழந்தை உயரமான இடத்தில் ஏறாமல், பெரியவர் முன்னிலையில் ஆட வேண்டும். பிறவி இதயக் குறைபாடு இருப்பின், எவ்வளவு இயக்கம் ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். நடக்க இயலாத குழந்தை அமர்ந்தபடியே பந்து எறியலாம், கைகளை வீசி ஆடலாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் விளையாட்டை நிறுத்தி, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

மழை ஓயும் வேளையில்

வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்க உதவுகிறது. வீட்டுக்குள் ஆடுவதால் இப்பயன் கிட்டாது. ஆகவே மழை விட்ட பகல்வேளைகளில் குழந்தையை வெளியே அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் உடன் சேர்ந்து ஆடினால், குழந்தை கைப்பேசியைத் தேடுவதும் குறையும்.