இடிக்கிறது பத்து விநாடி

நிலையான அணுக்கருவுக்குள் இருக்கும்வரை நியூட்ரானுக்குச் சாவில்லை. வெளியே தனியாகப் பிரித்துவிட்டால் சராசரியாகக் கால் மணி நேரம்கூடத் தாங்காது. புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மூன்றாகிவிடும். சராசரி என்று சொல்லக் காரணம் உண்டு. நியூட்ரானுக்கு முதுமை கிடையாது. இப்போதுதான் வெளியே வந்ததற்கும், அரை மணி நேரமாகத் தப்பிப் பிழைத்திருப்பதற்கும் அடுத்த விநாடியில் சாக ஒரே அளவு வாய்ப்புதான். ஆயிரத்தை விட்டுவைத்தால் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய பாதி மிஞ்சும்.

ஓர் ஊரின் சாவுக் கணக்கை இரண்டு விதமாக எடுக்கலாம். மிச்சமிருப்பவர்களைத் தலையெண்ணலாம், அல்லது சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்து எண்ணலாம். யாரும் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடிப்போகாதவரை இரண்டும் ஒத்துப்போகும்.

தலையெண்ணும் வேலை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நடந்தது. மின்னேற்றமில்லாத நியூட்ரானைப் பிடித்துவைப்பது லேசல்ல. ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். அதனால் குளியல் தொட்டி வடிவில் ஆயிரக்கணக்கான காந்தங்களைப் பதித்தார்கள். உள்ளே விட்டவை மிகக் குளிர்ந்த நியூட்ரான்கள். வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர், மெதுவாகச் சைக்கிள் மிதிப்பதுபோல. தொட்டியின் சுவரை அவை தொடுவதே இல்லை. நெருங்கினாலே காந்தம் தள்ளிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தொட்டிக்கு மூடி கிடையாது என்பதுதான். எகிறினாலும் அரை மீட்டருக்கு மேல் போக முடியாமல் தாமாகவே கீழே விழுகின்றன! புவியீர்ப்பே மூடி. குறித்த நேரம் கழித்து மேலிருந்து உணர்கருவியை இறக்கி, மிச்சத்தை எண்ணினார்கள். 2021இல் வந்த விடை 877.75 விநாடி, பிழை அரை விநாடிக்கும் குறைவு.

சுடுகாட்டு வாசல், மேரிலாந்தில் உள்ள அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம். அங்கே நியூட்ரான் கற்றை பாயும் வழியில் பிறக்கும் புரோட்டான்களை மின், காந்தப் புலங்களால் பிடித்து எண்ணினார்கள். 2013இல் அவர்கள் சொன்னது 887.7 விநாடி, இரண்டு விநாடி முன்பின்னாக. பத்து விநாடி இடிக்கிறது.

அப்படியானால் நூற்றில் ஒரு நியூட்ரான் புரோட்டானைத் தராமலே மறைகிறதா? கரும்பொருளாக மாறுகிறதோ என்று 2018இல் ஃபோர்னல், கிரின்ஸ்டீன் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் கேட்டார்கள். அதற்குத் தடயமாகக் காமா கதிரைத் தேடியவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. எனக்கென்னவோ வாசலில் எண்ணியவர்கள் மேல்தான் சந்தேகம்: சில புரோட்டான்கள் எண்ணப்படாமல் நழுவினால் ஆயுள் நீண்டதாகத்தான் தெரியும்.

ஆதிப் பிரபஞ்சத்தில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்ற கணக்கும் இந்த ஆயுளை நம்பித்தான் நிற்கிறது. முதல் சில நிமிடங்களில் சிதையாமல் தப்பிய நியூட்ரான்களில் ஏறக்குறைய எல்லாமே ஹீலியத்துக்குள் போய் ஒளிந்துகொண்டன. உங்கள் பலூனில் இருக்கும் ஹீலியம் அதுவல்ல. அது பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து வந்தது.