ஆக்ராவுக்குச் செல்லும் மூன்று சாலைகள்

டில்லியிலிருந்து ஆக்ரா ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மொகலாயர் காலத்தில் இத்தொலைவைக் கடக்கப் பல நாட்கள் பிடித்தன. இன்று மூன்று, நான்கு மணி நேரம் போதும். இவ்விரைவு பயணிக்கு நன்மையே. ஆக்ராவுக்கும் அது நன்மையா என்பது ஆராயத்தக்கது.

பழைய அரசச் சாலையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை, குரோசத்திற்கு ஒரு தூணும், மூன்று குரோசத்திற்கு ஒரு கிணறும் அமைக்குமாறு ஜஹாங்கீர் 1619-இல் ஆணையிட்டார். ஒரு குரோசம் என்பது சுமார் 3 கிலோமீட்டர். ‘கோஸ் மினார்’ எனப்படும் இத்தூண்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. சுமார் 30 அடி உயரமுள்ளவை. பல்வல், மதுரா மாவட்டங்களில் இவை வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கின்றன. ஒன்று டில்லி மிருகக்காட்சி சாலைக்குள்ளேயே அகப்பட்டுக் கொண்டது. தூண் வழிகாட்டியது, கிணறு தாகம் தீர்த்தது, சராய் என்னும் சத்திரம் இரவில் இடமளித்தது. சாலையை ஒட்டியே ஊர்கள் பிழைத்தன.

தாஜ்மகாலின் பராமரிப்பும் இவ்வேற்பாட்டைச் சார்ந்தே இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. கல்லறையின் தெற்கே ஷாஜகான் அமைத்த கடைவீதிகளும் சராய்களும் இன்று தாஜ்கஞ்ச் என வழங்கும் பேட்டையாக உள்ளன. அவற்றின் வருவாயும் 30 கிராமங்களின் வருவாயும் கல்லறையின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டதை ஷாஜகானின் அரசவை வரலாறு குறிப்பிடுகிறது. ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் என மதிப்பிடப்பட்ட அத்தொகையில் பெரும்பங்கு, கிராமங்களிலிருந்து அன்று, கடைகளிலிருந்தும் சராய்களிலிருந்துமே வந்தது. அதாவது, வந்து தங்கிய வணிகனே அந்நினைவுச் சின்னத்தைக் காத்தான்.

இரண்டாவது, பரீதாபாத், பல்வல், மதுரா வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. அரசச் சாலையின் தடத்தையே பெரிதும் பின்பற்றும் இது ஊர்களை விட்டு விலகவில்லை, நெரிசலும் அதனால்தான். இவ்வழியே வருவோர் நகருக்குள் நுழையுமுன் சிக்கந்தராவில் 1613-இல் முடிக்கப்பட்ட அக்பர் கல்லறையைக் காண்பர்.

மூன்றாவது, 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்ட யமுனை விரைவுச் சாலை. கிரேட்டர் நொய்டாவில் தொடங்கும் இந்த 165 கிலோமீட்டர் ஆறுதடச் சாலை எந்த ஊருக்குள்ளும் நுழைவதில்லை. காலையில் புறப்படுவோர் தாஜ்மகாலையும், நேரமிருந்தால் கோட்டையையும் பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பி விடலாம். பலர் அவ்வாறே செய்கின்றனர். நுழைவுச் சீட்டின் பணம் அரசுக்குச் சேர்கிறது. ஆனால் விடுதிக்காரர், சமையற்காரர், ரிக்‌ஷா ஓட்டுபவர், பளிங்கில் கல் பதிக்கும் கைவினைஞர் ஆகியோருக்கு, பயணி இரவு தங்கினாலன்றி, அதிகப் பயனில்லை.

இந்நகர மக்கள் தாஜ்மகாலுக்காக ஏற்ற சுமை சிறிதன்று. காற்று மாசினால் பளிங்கு கெடுவதைத் தடுக்க, சுமார் 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரியும் கற்கரியும் எரித்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வார்ப்பட ஆலைகளை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது பெரும் மாற்றம். தொழிலைத் துறந்த நகரத்திற்குச் சுற்றுலாவாவது முழுப்பயன் தர வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமே.

தங்குவோருக்குக் காண்பதற்கும் குறைவில்லை. விரைவுச் சாலையில் வருவோர் யமுனையின் கிழக்குக் கரையை ஒட்டித்தான் நகரை அடைகின்றனர். அக்கரையிலுள்ள இதிமாத் உத்தௌலா கல்லறையையோ, அவர்களில் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. தாஜ்மகாலுக்கு முன்பே பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் வேலை இங்கு முழு வளர்ச்சி பெற்று விட்டது. ஜெய்ப்பூர் சாலையில் சுமார் 37 கிலோமீட்டரில் உள்ள பதேபூர் சிக்ரிக்குத் தனியாக ஒரு பகல் வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் மூடப்பட்டிருக்கும். அந்நாளை இதற்கு ஒதுக்கலாம். பௌர்ணமியன்றும் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு இரவுகளிலும், வெள்ளியும் ரமலான் மாதமும் நீங்கலாக, தாஜ்மகாலை நிலவொளியில் காண 2004 முதல் அனுமதி உண்டு. மாலையிலேயே டில்லி திரும்புவோருக்கு அது கிட்டுவதில்லை.