ஊத்தை

நீர்வேலி செம்பாட்டு மண்ணுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே விளையாடி வீடு திரும்பும் பிள்ளையைக் கண்டதும் தாய் சொல்வது, "ஊத்தை உடுப்பைக் கழட்டிப் போட்டு வா" என்பதே. சில ஆண்டுகளின் முன் என் மாணவன் ஒருவன் அச்சொல்லைக் கட்டுரையில் எழுதியிருந்தான். யான் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, 'அழுக்கு' என மேலே எழுதினேன்.

கொப்பியைப் பார்த்தவன், "ஐயா, அம்மா சொல்லுறது பிழையோ?" என்றான்.

"அது கொச்சை" என்று கூறி அவனை இருத்தினேன். அவன் இருந்துவிட்டான், கேள்வி இருக்கவில்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். பிள்ளைகளுக்குத் திருமாலின் திருநாமத்தை இடுமாறு பெற்றோரை வேண்டும் பதிகம் ஒன்று பெரியாழ்வார் திருமொழியில் உண்டு. அங்கே 'ஊத்தை' இருக்கக் கண்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆட்சி! சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதியிலும் அதற்கு இடமுண்டு. கொச்சை என்ற என் தீர்ப்பு அங்கேயே விழுந்தது.

இனி, இச்சொல்லின் பிறப்பு யாது? 'ஊழ்த்தல்' என்னும் வினையோடு இதனை இயைத்தல் பொருந்தும். மலர்தல், முதிர்தல், பதனழிதல் என அவ்வினையின் பொருள் விரியும். திருக்குறளில் சொல்வன்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் அது மலர்தற் பொருளில் வந்துள்ளது. முதிர்ந்தது அழியும், அழிந்தது நாறும். தாழ்ப்பாள் வழக்கிலே 'தாப்பாள்' ஆதல்போல, இங்கும் ழகரம் மறைந்தது எனலாம். 'அழுகு' என்பதனோடு 'அழுக்கு' இயைவதும் இவ்வாறே. இரண்டும் ஒரே வழி வந்தவை. ஒன்று ஏடேறியது, மற்றது முற்றத்தில் நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் அழுக்கைச் சுட்டும் 'டேர்ட்' என்ற சொல்லோ, பழைய நோர்ஸ் மொழியில் மலத்தைக் குறித்த 'ட்ரிட்' என்பதன் வழிவந்தது. அதனை எவரும் ஏட்டிலிருந்து நீக்கினாரல்லர்.

தமிழகத்தில் 'ஊத்தை' பெரும்பாலும் பல்லோடும் வாயோடும் ஒடுங்கிவிட்டது. யாழ்ப்பாணத்திலோ உடுப்பு, நகம், தண்ணீர் யாவற்றுக்கும் உரியதாய் வாழ்கிறது. வாழைக்கயர் பட்டால் அது கறை, கழுவினாலும் போகாது. செம்பாட்டுப் புழுதி ஊத்தை, கழுவப் போகும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பித்தவள் தாயே.

மறுநாள் அக்கொப்பியை வாங்கி, யான் எழுதியதை வெட்டி, "உன் அம்மா சொன்னது சரி" என எழுதிக் கொடுத்தேன். ஆசிரிய அன்பர்களே, வீட்டுச் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டுமுன் ஏட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.