மாயா நகரம்தான்... ஆனா கூட்டமே இல்லை! ஏன்?

மாயா பிரமிடு என்றாலே மெக்சிகோவின் சிச்சென் இட்சாதான் நினைவுக்கு வரும். அங்கே எந்நேரமும் கூட்டம். பிரமிடில் ஏறவும் தடை. கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கிறது, குவாத்தமாலா எல்லையோரக் கலக்முல்.

562-ல் திக்கல் நகரை வீழ்த்திய பாம்பு வம்சத்தின் தலைநகர் இது. சுமார் 45 மீட்டர் உயரப் பிரமிடு, ஊளையிடும் குரங்குகள், ஜாகுவார் உலவும் காடு.

அப்புறம் ஏன் ஆளில்லை? தூரம்தான். நெடுஞ்சாலையிலிருந்து காட்டுக்குள் சுமார் 60 கி.மீ. போகணும். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இப்போது ‘மாயா ரயில்’ கலக்முல் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. கூட்டம் வந்தால் உள்ளூருக்கு வருமானம். ஆனா, தண்ணீர் குறைந்த இந்தக் காடு எவ்வளவு பேரைத் தாங்கும் என்பதுதான் கேள்வி.