உலகம் எப்போ முடியும்? ஊட்டி மலைச்சரிவில் கிடைத்த ஒரு பதில்

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா பக்கம் போகிறவர்கள், கேரட் தோட்டங்களைத் தாண்டி மலைச்சரிவில் ஏறிப்போகும் நீளமான ஓர் இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பார்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்குப் பாதியில் நின்றுபோன பாலம் மாதிரி தெரியும். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அது ஒரு தொலைநோக்கி. உலகத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டா, இல்லை இப்படியே என்றைக்கும் இருக்குமா என்று விஞ்ஞானிகள் மோதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வழக்குக்கு ஊட்டியிலிருந்தும் ஒரு சாட்சி போனது.

இப்போது நமக்கு வரும் 'உலக அழிவு' செய்திகளெல்லாம் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகின்றன. 2012 டிசம்பர் 21, மாயன் காலண்டர் ஞாபகம் இருக்கும். 2025 பிப்ரவரியில் இன்னொரு பீதி. '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் 2032-ல் பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். விழக்கூடிய பாதையில் இந்தியாவும் இருந்ததால் ஃபார்வர்டுகள் பறந்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கூடுதல் கணக்கீடுகள் வந்து, பூமிக்கு ஆபத்து இல்லை என்று ஆகிவிட்டது. சுமார் 60 மீட்டர் அளவுள்ள அந்தக் கல் விழுந்திருந்தாலும் ஒரு நகரம் போயிருக்கும், உலகம் போயிருக்காது. டைனோசர்களை முடித்துவைத்த கல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம்.

பஞ்சாங்கக் கணக்குக்கே வந்தாலும் கலியுகம் மொத்தம் 4,32,000 ஆண்டுகள். அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது. அவசரமே இல்லை!

சரி, அறிவியல் என்ன சொல்கிறது?

முடிவே இல்லாத உலகம்

1948-ல் ஃப்ரெட் ஹாயில், ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்டு ஆகிய மூவரும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, உண்மைதான். ஆனால் விரியும் இடைவெளியில் புதிதாகப் பொருள் உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்தக் காலத்தில் பார்த்தாலும் பிரபஞ்சம் ஒரே மாதிரிதான் இருக்கும். தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. இதற்கு 'நிலையான பிரபஞ்சக் கொள்கை' என்று பெயர். எதிர்த்தரப்பு, பெருவெடிப்பில் எல்லாம் தொடங்கியது என்றது. அந்தத் தரப்புக்கு 'பிக் பேங்' என்று பெயர் வைத்தவர் அதை ஏற்காத ஹாயில்தான், ஒரு ரேடியோ நிகழ்ச்சியில்.

இதை எப்படித் தீர்ப்பது? பழைய பிரபஞ்சத்தை நேரில் பார்த்துவிட வேண்டும். அது முடியாத காரியம் இல்லை. தொலைவிலிருந்து வரும் ஒளியும் ரேடியோ அலையும் நம்மை வந்துசேரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆக, தூரத்தைப் பார்ப்பதே கடந்த காலத்தைப் பார்ப்பதுதான். ஹாயில் சொன்னது சரி என்றால், தொலைவில் இருப்பவையும் அருகில் இருப்பவையும் ஒரே ஜாடையில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு இடம் தேடியவர் கோவிந்த் ஸ்வரூப். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்) ரேடியோ வானியலாளர், 2020-ல் மறைந்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஊட்டி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன்மேல் கிடத்தும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஓர் அச்சில் மெதுவாகத் திருப்பினாலே போதும், ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். காசு குறைவாக இருந்த நாட்டில் மலையையே இயந்திரத்தின் பாகமாக்கிய யோசனை இது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் 1970-ல் தொலைநோக்கி தயாரானது. அதன் பிரதிபலிப்பான், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள்.

அடுத்த வேலைக்கு நிலா உதவியது. ராத்திரி கூடலூர் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டி திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஒற்றை விளக்கு என்றால் பாறை மறைத்ததும் பட்டென்று காணாமல் போகும். அகலமான விளக்கு வரிசை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அதேபோல நிலாவின் விளிம்பு ஒரு தொலைதூர ரேடியோ மூலத்தை மறைக்கும்போது, அதன் அலை எவ்வளவு நேரத்தில் எப்படி மங்குகிறது என்று பார்த்தால் அதன் அளவு தெரிந்துவிடும். இந்த முறையில் ஊட்டி குழு நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்தது. ஸ்வரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் 1975-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மங்கலாகத் தெரிந்த, அதாவது பெரும்பாலும் தொலைவில் இருந்த மூலங்களின் அளவுகள் 'என்றைக்கும் ஒரே மாதிரி' என்ற கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பழைய பிரபஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கிறது.

தீர்ப்பு ஊட்டியில் மட்டும் எழுதப்பட்டது என்று சொன்னால் அது ஓவர். 1965-லேயே அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் இருவரும் பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஹாயில் தரப்பு அப்போதே ஆடிப்போயிருந்தது. ஊட்டி கொடுத்தது வேறொரு வழியில், யாரையும் சாராமல் கிடைத்த ஆதாரம். காலப்போக்கில் மாறும் உலகம்தான் நம்முடையது என்று உறுதியானது. மாறும் என்றால் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

தேயிலைக்கு முதலில், கேழ்வரகுக்குப் பிறகு

பூமியின் கணக்கு சூரியனிடம் இருக்கிறது. அதற்கு இப்போது 460 கோடி வயது. ஹைட்ரஜன் தீர இன்னும் 500 கோடி ஆண்டுகள் ஆகும், அதன் பிறகு ஊதிப் பெருத்துச் 'செம்பூதம்' ஆகும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் உயிர்களுக்கு அத்தனை காலம் கிடைக்காது. சூரியனின் பிரகாசம் ஒவ்வொரு 100 கோடி ஆண்டிலும் சுமார் 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம் நடக்கும், நீலகிரிக்காரர்களுக்கு உடனே புரிகிற மாதிரி. இந்த மலைகளின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மழையில் கரைந்து சிதையும் பாறை, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல இழுத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாகும், காற்றில் அந்த வாயு குறைந்துகொண்டே வரும். இன்றைக்கு அது அதிகமாவதுதான் நம் பிரச்சினை. அந்தத் தொலைதூரக் காலத்தில் போதாமல் போவது பிரச்சினை ஆகும். சுமார் 60 கோடி ஆண்டுகளில் பெரும்பாலான தாவரங்களால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது என்பது ஒரு மதிப்பீடு. தேயிலை, நெல், சோலை மரங்கள் எல்லாம் இந்த வகை. கரும்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை குறைந்த கார்பன் டை ஆக்சைடிலும் சமாளிக்கும் வேறு வகை. ஆக, குன்னூர் எஸ்டேட் டீக்கு முதலில் டாட்டா, ராகிக்களிக்குக் கொஞ்சம் கூடுதல் ஆயுள்.

பிறகு சூரியன் என்ன ஆகும் என்பதற்கான சூத்திரத்தில் ஒரு சென்னைப் பையனின் பெயர் இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகருக்கு அப்போது 19 வயது. பயணத்தில் அவர் போட்ட கணக்குதான் பின்னாளில் 'சந்திரசேகர் வரம்பு' ஆனது. செத்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்குள் இருந்தால் அது 'வெண் குறுமீன்' ஆக அடங்கும், மேலே போனால் தாங்காது. நம் சூரியன் வரம்புக்குள்தான் இருக்கிறது. வெடிக்காமல், பூமி சைஸில் ஒரு தணலாகச் சுருங்கி ஆறிப்போகும். இதற்கெல்லாம் அவருக்கு நோபல் வந்தது 1983-ல்.

மொத்தப் பிரபஞ்சத்தின் முடிவு இன்னும் மெதுவானது. விரிவு வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்று 1998-ல் தெரிந்தது. காரணத்துக்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இப்படியே போனால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, எல்லாம் விலகி, குளிர்ந்து போகும். அந்த இருண்ட ஆற்றல் பலவீனமாகி வரலாம் என்று அமெரிக்காவின் 'டெசி' ஆய்வு 2024, 2025-ல் சில அறிகுறிகளைக் காட்டியிருக்கிறது. அது உறுதியானால் இந்தக் கதையின் கிளைமாக்ஸ் மாறலாம்.

நம் ஆயுளுக்குள் வரக்கூடியது

60 கோடி, 500 கோடி என்பதெல்லாம் இ.எம்.ஐ. கட்டுகிறவர்களைப் பாதிக்காது. பாதிக்கக்கூடிய ஒன்றையும் ஊட்டி பதிவு செய்திருக்கிறது. ராஜ்பவன் பக்கத்தில் டி.ஐ.எஃப்.ஆரின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 'கிரேப்ஸ்-3' என்ற சோதனை நடக்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்களை அடுக்கி, வானத்திலிருந்து வரும் மியூவான் துகள்களை ராப்பகலாக எண்ணுகிறார்கள்.

2015 ஜூன் 22 இரவு அந்த எண்ணிக்கை திடீரென எகிறி, இரண்டு மணி நேரம் அப்படியே நின்றது. சூரியனிலிருந்து மணிக்குச் சுமார் 25 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பிய பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தக் கவசத்தில் மோதியிருந்தது. கவசம் சிறிது நேரம் பலவீனமாகி, வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் உள்ளே புகுந்துவிட்டன. 2016-ல் இது ஆய்வுக்கட்டுரையாக வந்தபோது, கவசத்தில் விரிசல் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அன்று ஊட்டியில் தூங்கிக்கொண்டிருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலமே அந்தத் துகள்களுக்குப் போதுமான தடுப்பு.

மனித உடம்பு தப்பிக்கும். கரண்ட் தப்பிக்குமா என்பதுதான் கேள்வி. 1989 மார்ச் 13 அன்று இதுபோன்ற சூரியப் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுக்க ஒன்பது மணி நேரம் இருண்டது, 60 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. 2022 பிப்ரவரியில் ஒரு சுமாரான புயலே ஸ்டார்லிங்க் அனுப்பிய 49 செயற்கைக்கோள்களில் 38-ஐக் கீழே இழுத்துவிட்டது. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படங்களை எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது 1859 செப்டம்பரில் வந்த 'காரிங்டன்' புயல். அதன் தீவிரத்தை அளந்த முக்கியமான பதிவு மும்பை கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியில்தான் இருக்கிறது. அன்றைக்குப் பழுதானது தந்திக் கம்பிகள் மட்டும்தான். இன்று அதே அளவு புயல் வந்தால் மின் கட்டமைப்பு, ஜி.பி.எஸ்., விமானத் தொடர்பு என்று வரிசையாக அடிவாங்கும். டவரே இல்லாத போனில் யு.பி.ஐ. எப்படி வேலை செய்யும்?

முன்கூட்டியே தெரியுமா என்றால், ஓரளவுக்குத் தெரியும். பெரும்பாலான மேகங்கள் பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். காரிங்டன் புயல் 18 மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. வரும் வழியில் அவற்றைக் கவனிக்கும் வேலையில் முத்தோரைத் தொலைநோக்கியும் இருக்கிறது. சூரியக் காற்று குறுக்கே போகும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுமினுக்கும், அதை வைத்து அந்தக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-ல் அனுப்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நின்று பார்க்கிறது. மேகம் அதைக் கடந்த பிறகு இங்கே மோதுவதற்கு இருக்கும் அவகாசம், வேகத்தைப் பொறுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.