வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்குத் தரவை மாற்றுதல்



துணைத் தேக்ககச் சாதனங்களைக் காந்த, ஒளியியல், திண்மநிலை என வகைப்படுத்த உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றிலுள்ள தரவை மற்றொன்றிற்கு எவ்வாறு கொண்டுசெல்வது எனக் கேட்டால் பலர் விழிக்கின்றனர். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளை என எங்கும் ஒரே மடிக்கணினியில் அண்ணனும் தங்கையும் படிக்கும் வீடுகள் உண்டு. புதிது வாங்க வசதியில்லாதவிடத்துப் பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் செலுத்தியைப் பொருத்துவதே மலிவான வழி.

வேகம் கூடுவது ஏன்? 1956 இல் ஐ.பீ.எம். வெளியிட்ட முதல் வன்தட்டில் 50 தட்டுகள் சுழன்றன. இன்றைய வன்தட்டிலும் தத்துவம் அதுவே. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 60 ÷ 7200 செக்கன், அதாவது 8.33 மில்லி செக்கன் எடுக்கும். வேண்டிய தரவு வாசிப்புத் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தரவு மின்னேற்றமாகத் தேக்கப்படுவதால் இக்காத்திருப்பும் இல்லை. ஆனால் வேகம் கூடியதால் கணினி புதியதாகிவிடாது: விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது.

கோப்புகளை மட்டும் பிரதிசெய்து ஒட்டினால் கணினி தொடங்காது. பணிசெயல் முறைமையைத் தொடக்கிவைக்கும் தகவல்கள் கண்ணுக்குத் தெரியாத தனிப் பிரிவுகளில் உள்ளன. அவற்றையும் சேர்த்துத் தட்டு முழுவதையும் நகலெடுப்பதைக் கடைகளில் "குளோன்" என்பர்.

கொள்ளளவைக் கவனியுங்கள். உற்பத்தியாளர் 1 கிகாபைற்றை 1000 இன் அடுக்காகவும் விண்டோஸ் 1024 இன் அடுக்காகவும் கணிப்பதால், 500 எனக் குறித்த வன்தட்டு ஏறத்தாழ 465 எனவும், 240 எனக் குறித்த எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 223 எனவும் திரையில் தோன்றும். பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றலாம். பயன்படுத்திய இடம் கொள்ளவேண்டும் என்பதே முக்கியம். ஆயினும் குளோன்சில்லா போன்ற சில மென்பொருள்களில் முதலில் பழைய பிரிவைச் சுருக்க வேண்டும்.

இனி மிக ஆபத்தான படி. மென்பொருள் இரண்டு கேள்விகள் கேட்கும்: மூலம் எது? இலக்கு எது? இரண்டையும் மாற்றித் தெரிவுசெய்தால் வெற்று எஸ்.எஸ்.டி. உங்கள் வன்தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். அக்காவின் திருமணப் படங்களும் உங்கள் செயற்றிட்டமும் சில நிமிடங்களில் போய்விடும். எனவே 465, 223 என்ற எண்களையும் சாதனத்தின் பெயரையும் பார்த்து உறுதிசெய்த பின்னரே தொடருங்கள். வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் பதற வேண்டாம். மூலம் வாசிக்கப்படுகிறதே தவிர எழுதப்படுவதில்லை, மீண்டும் தொடங்கலாம். இருப்பினும் மின்கலத்தை முழுமையாக ஏற்றிவைப்பது நல்லது.

இதற்கெல்லாம் முன்னர் முக்கிய கோப்புகளுக்கு வேறொரு காப்புநகல் இருக்க வேண்டும். வன்தட்டு "டிக் டிக்" என ஒலித்தால் குளோன் செய்ய முயலாமல், முதலில் அக்கோப்புகளை மட்டும் எடுங்கள். காப்புநகலை அதே அலுமாரியில் வைப்பதிலும் பயன் குறைவு. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கம்பளையில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள்; ஒரு பிரதி உறவினர் வீட்டிலோ மேகக் கணிமையிலோ இருக்கட்டும்.

எஸ்.எஸ்.டி.யிலிருந்து கணினி ஒழுங்காகத் தொடங்கிய பின்னரும் பழைய வன்தட்டைச் சில வாரங்கள் அழிக்காது வைத்திருங்கள். விற்பதாயின், கோப்பை அழித்தால் மட்டும் போதாது. அதன் பெயர்ப்பதிவே நீங்கும், தரவு காந்தத்தட்டில் எஞ்சியிருக்கும். முழுவதன்மேலும் எழுதி அழிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நிலைமை மறுதலை: தவறுதலாக அழித்ததை மீட்பது பெரும்பாலும் இயலாது.

பயிற்சி வினா: 500 கிகாபைற்று வன்தட்டில் 310 கிகாபைற்று பயன்பட்டுள்ளது, அதில் 190 காணொளிகள். 240 கிகாபைற்று எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற நீர் எடுக்கும் படிகளை ஒழுங்குமுறையில் எழுதுக.

குறிப்பு: காணொளிகளை முதலில் எங்கே கொண்டுசெல்வீர் என்பதிலிருந்து விடையைத் தொடங்குக.