வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வித்துப் பாருங்க!

எங்கள் ஒதியம்பட்டில் ஒருத்தன் பி.காம். படித்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் அவன்தான் ஊருக்கு ஆடிட்டர்! மாட்டு லோனா, மொய்க் கணக்கா, சீட்டுப் பிடித்தவர் தலைமறைவா... "கூப்புடு அந்த பி.காமை" என்பார்கள். ஃபீஸ் ஒரு டீ. அதுக்கும் சில நாள் நான்தான் சில்லறை எடுக்க வேண்டியிருக்கும்.

போன தை மாசம் ஒரு நாள் காலையில் மச்சான் வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கையில் செல்போன், அதில் ஒரு வண்டியின் படம், முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"மாப்ளே, போர் வீல் டிரைவ்! 2015 மாடல். ஆறரை சொல்றான், ஆறேகாலுக்கு அமுக்கிடலாம். நீ வந்து ஆர்.சி. புக்கை மட்டும் பாரு."

வண்டி எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அது என்ன பாவம் செய்தது? முழு ஜீப்பும் இல்லை, முழு காரும் இல்லை. பின்னால் நீளமாகச் சாமான் வைக்க இடம் விட்ட ஜாதி. இங்கிலாந்தில் இந்த மாதிரி நீட்டு வண்டியை 'எஸ்டேட் கார்' என்பார்கள் என்று என் அறிவைக் காட்டினேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"நமக்கு ஏதுங்க மாப்பிள்ள எஸ்டேட்டு? இருக்கிறது முக்காக் காணி!"

சிரித்தேன். ஆனால், மச்சான் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ராத்திரி. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. ரோடு எது, வாய்க்கால் எதுவென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பக்கத்துத் தெரு டிராக்டர்க்காரர்தான் வந்தார். டிரெய்லரில் கட்டிலைப் போட்டு, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மச்சான் கூடவே நின்றார். ஆஸ்பத்திரி வாசல் வரை பெற்ற தாயை நெல் மூட்டை மாதிரி கொண்டுபோன அந்த ராத்திரி அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அன்றைக்கு எடுத்த சபதம்தான் போர் வீல் டிரைவ்.

சரி, பணம்? ரோட்டோரத்து மனையை விற்ற ஏழு லட்சம் பாங்கில் இருந்தது. பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். அடுத்து நர்ஸிங் சேர்க்க வேண்டும். அந்த ஏழு லட்சம் அதுக்குத்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அதெல்லாம் யோசிச்சிட்டேன் மாப்ளே! ரெண்டு வருஷம் ஓட்டுவோம். பொண்ணு காலேஜ் சேரும்போது வித்துடுவோம். போர் வீலுக்கு எப்பவும் மவுசு. போட்ட காசு அப்படியே திரும்பி வந்துடும்!"

ஆக, அந்தப் பெண்ணின் நர்ஸிங் படிப்பு ஒரு பழைய வண்டியின் 'ரீசேல் வேல்யூ' மேல் உட்கார்ந்திருந்தது. பி.காமுக்கு வேலை வந்தது.

மூணு விலை

ஒரு வண்டிக்கு எத்தனை விலை தெரியுமா? குறைந்தது மூணு!

முதலாவது இன்ஷூரன்ஸ்காரர் விலை. 'ஐ.டி.வி.' என்று பாலிசியில் போட்டிருக்கும். ஆறு மாசத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருஷம் வரை 15, ரெண்டாவது வருஷம் 20, மூணாவது வருஷம் 30, நாலாவது 40, அஞ்சாவது 50. அதாவது 12 லட்ச ரூபாய் வண்டி அஞ்சாவது வருஷத்தில் 6 லட்சம். அதுக்கு மேல் போனால் பட்டியல் கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ரெண்டாவது, எங்கள் ஆடிட்டர் ஜாதி விலை. தொழிலுக்கு வைத்திருக்கும் காருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் கழிப்போம். அதே 12 லட்சம் முதல் வருஷம் 10.20, அடுத்து 8.67 என்று இறங்கி, அஞ்சு வருஷத்தில் 5.32 லட்சம். எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்யம் ஆகாது. நம்ம ஆசை மாதிரி!

மூணாவதுதான் நிஜ விலை. எதிரில் நிற்கிற ஆள் எண்ணி வைக்கிற விலை. இது எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. விளம்பரத்தைப் பார்த்தால் விற்பவன் ஆசைதான் தெரியும். வாங்குபவன் மனசு தெரியவேண்டும் என்றால் நாமே விற்பவனாக மாற வேண்டும்! மச்சான் வாங்க நினைத்த அதே மாடல், அதே வருஷம், அதே கிலோமீட்டர் வண்டி என்னிடம் இருப்பதாகவும், விற்க வேண்டும் என்றும் மூணு வியாபாரிகளுக்கு போன் போட்டேன். (பொய்தான். மயிலத்து முருகனுக்கு உண்டியலில் 21 ரூபாய் போட்டுச் சரிக்கட்டிவிட்டேன்.)

முதல் ஆள் புதுச்சேரி. "போர் வீலா? இங்க யாரு சார் கேக்குறா? மைலேஜ் கம்மி, வெயிட் ஜாஸ்தி. நாலேகாலுக்கு மேல ஒத்துவராது."

ரெண்டாவது ஆள் கடலூர். விலைக்கு முன்னால் நம்பர் கேட்டார். "பி.ஒய்.யா? அப்ப மூணேமுக்கா. என்.ஓ.சி. நீங்கதான் எடுத்துத் தரணும்."

இதை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்துவிடுகிறோம். புதுச்சேரியில் வரி குறைச்சல் என்று சந்தோஷமாக வாங்குகிறோம். சைக்கிளை மிதித்தால் தமிழ்நாடு வந்துவிடுகிற ஊர் நம்முடையது. ஆனால், வண்டிக்கு அந்த எல்லை பெரிய மதில் சுவர்! வேறு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு இது. அதுக்கு இங்கே 28-ஆம் நம்பர் படிவத்தில் என்.ஓ.சி., அங்கே வண்டி வயசுக்குத் தக்கபடி ஆயுள் வரி. தமிழ்நாட்டுக்காரர் அந்தச் செலவு முழுவதையும் நம்ம விலையில்தான் கழிப்பார். வாங்கும்போது மிச்சம் பிடித்த வரி, விற்கும்போது வாசலில் வந்து நிற்கும்.

மூணாவது ஆள் கோயம்புத்தூர்க்காரர். நீலகிரி, வால்பாறைப் பக்கம் எஸ்டேட்களுக்கு வண்டி கொடுப்பவர். (அத்தை சொன்ன எஸ்டேட் இதுதான்!) அவர் விலையே சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டார். "போர் வீல் கடைசியா எப்ப போட்டீங்க? போட்டா விழுதா? நாலு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே தேய்மானமா? அடியில ஆயில் கசிவு?" எனக்கு வேர்த்துவிட்டது. "எல்லாம் சரியா இருந்து, வண்டியை இங்க கொண்டாந்தா அஞ்சு வரை பாக்கலாம்" என்றார்.

ஆக, மச்சான் ஆறேகாலுக்கு வாங்கப்போகும் வண்டியை அன்று சாயங்காலமே விற்றால் நாலேகால். கண்மூடித் திறப்பதற்குள் ரெண்டு லட்சம் அவுட்! வியாபாரியைத் திட்டவும் முடியாது. இடம், வட்டி, ரிப்பேர், தன் லாபம், அந்த லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் இந்த இடைவெளிக்குள்ளேதான்.

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதம் என்று ஆனது. அதுக்கு முன் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம் வரை போனதுண்டு. புதுசு விலை இறங்கினால் பழசு மட்டும் எப்படி மேலே நிற்கும்?

இங்கே தாழ்ந்தது, அங்கே உசந்தது

மச்சான் விடவில்லை. "ஜிப்ஸியைப் பாரு மாப்ளே! இன்னிக்கும் அடிச்சிக்கிறாங்க!"

வாஸ்தவம். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி, மக்களுக்கு விற்பது நின்றுபோய் வருஷங்கள் ஆகியும் கேட்க ஆள் இருக்கிறது. மலைப் பாதைக்காரர்கள், ரேலி ஓட்டுபவர்கள், காட்டில் புலி காட்டக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாருக்கும் அது வேண்டும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்.

அதுக்கு நேர் எதிர் கதை ஒன்று சொல்கிறேன். 2003-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நம் நாட்டில் 'செவர்லே ஃபாரஸ்டர்' என்று ஒரு வண்டி கொண்டுவந்தது. அசல் போர் வீல் டிரைவ் எஸ்டேட் கார். நிஜத்தில் அது ஜப்பான் சுபாரு கம்பெனியின் வண்டி. அமெரிக்காவில் பனி கொட்டுகிற வெர்மான்ட், கொலராடோ பக்கம் சுபாரு வீட்டுக்கு வீடு நிற்கும். பழசுக்கும் நல்ல விலை. இங்கே? விற்றது சொற்பம். சாமான் கடல் தாண்டி வர வேண்டும். 2017 கடைசியில் கம்பெனியே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. இன்றைக்கு அதை வைத்திருப்பவர் ரசிகராக இருக்கலாம், வியாபாரியாக இருக்க முடியாது!

வண்டி ஒன்றுதான். அங்கே தங்கம், இங்கே தகரம். ஏன்? மறுவிற்பனை விலை வண்டிக்குள் இல்லை சார். அடுத்து வாங்குகிறவன் எத்தனை பேர், அவன் ஊரில் ரோடு எப்படி, பக்கத்தில் அதைத் தெரிந்த மெக்கானிக் உண்டா என்பதில் இருக்கிறது. எங்கள் ஒதியம்பட்டில் ஏறுவதற்கு மலை எங்கே? மிஞ்சிப்போனால் ஸ்பீட் பிரேக்கர்!

வயசையும் பாருங்கள். ஆர்.சி. 15 வருஷம். 2015 வண்டியை 2028-ல் விற்கப் போனால் மிச்சம் ரெண்டு வருஷம்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000. வாங்குபவன் இதையும் விரல் விட்டு எண்ணுவான்.

சீட் பெல்ட் சொன்ன சேதி

இவ்வளவு சொன்னபிறகும், "வந்து ஒருவாட்டி பாத்துடேன்" என்றார் மச்சான். வில்லியனூர் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

வண்டி பளபள! ஓனர் பெருமையாகச் சொன்னார்: "போர் வீலா? நான் வாங்கினதுலேர்ந்து போட்டதே இல்லீங்க!"

மெக்கானிக் என் காதைக் கடித்தார். "சார், பூட்டியே வச்ச வீடு மாதிரி இது. போடாமயே இருந்தா உள்ள இறுகிப்போயிடும். அந்த வேலைக்கு இங்க ஆள் தேடணும்." டயர்களைப் பார்த்தார். மூணு கம்பெனி. "நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குற வண்டியில ஒண்ணு பெருசு, ஒண்ணு தேய்ஞ்சதுன்னா டிரான்ஸ்பர் கேஸ் தாங்காது."

பிறகு ஒரு காரியம் செய்தார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். அடி முனையில் ஒரு காவி நிறக் கோடு. கால்மிதிக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி விரலால் தேய்த்தார். வண்டல் மண்!

"என்னண்ணே?" என்றார் மச்சான் பதறி.

"இது உங்கள வெள்ளத்துல காப்பாத்துற வண்டி இல்லீங்க. இதையே யாரோ வெள்ளத்துல காப்பாத்தியிருக்காங்க!"

வெள்ளம் வந்து போன ஊர்களில் இது நடக்கும். முழுகின வண்டி குளித்து, பவுடர் போட்டு, வேறு ஊர்ச் சந்தைக்கு வரும். ஒயரிங் துருப்பிடிக்க மாசக்கணக்கு ஆகும். அதுவரை அது புத்தம் புதுசுதான்!

திரும்பி வரும் வழியில் மச்சான் பேசவே இல்லை. மெக்கானிக்தான் ஆறுதல் சொன்னார். "போர் வீல்ங்கிறது சேத்துல, மணல்ல இழுக்கறதுக்கு. ஆழத் தண்ணில எந்த வண்டியும் ஒண்ணுதான். காத்து போற வழியில தண்ணி பூந்தா இன்ஜின் அங்கேயே நின்னுடும். ரெண்டு வீலா நாலு வீலான்னு தண்ணி பாக்காது."

வீட்டில் அத்தையிடம் நடந்ததைச் சொன்னோம். கொஞ்ச நேரம் மகனையே பார்த்தார்.

"அன்னிக்கி டிராக்டர்ல போனேன்னு நீ ஏண்டா இன்னும் மருகுற? கூப்ட ஒடனே அவன் வந்தான். நீ தார்ப்பாயைப் புடிச்சிக்கிட்டு நனைஞ்சிக்கிட்டே நின்ன. எனக்கு அது போதும். புள்ளையப் படிக்க வை. ஊட்டுல ஒரு நர்சு இருந்தா அந்த ராத்திரிக்கு அது எவ்ளோ ஒத்தாசை!"

மச்சான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். முகம் கழுவ என்று நினைக்கிறேன்.

கடைசியில் மூணேகால் லட்சத்துக்கு ஒரு சின்ன கார் வாங்கினோம். தெருவுக்கு நாலு ஓடுகிற சாதாரண மாடல். அதையும் வாங்குவதற்கு முன்னால் போனில் மூணு தடவை 'விற்று'ப் பார்த்தேன். மூணு பேரும் ரெண்டேமுக்காலுக்குக் குறையவில்லை. ஐம்பதாயிரம் வித்தியாசம் பரவாயில்லை. மீதி மூணேமுக்கால் லட்சம் பெண் பெயரில் டெபாசிட்டில் இருக்கிறது. டிராக்டர்க்காரர் நம்பர் அத்தை போனில் முதல் நம்பராக இருக்கிறது.

போர் வீல் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையிலோ தோட்டத்திலோ தினம் வேலை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால், 'விற்றால் வந்துவிடும்' என்ற நம்பிக்கையில் பிள்ளைப் பணத்தைப் போடாதீர்கள். ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஒதிய மரத்தை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நாங்கள் அதை மறக்கலாமா?

மச்சான் திருந்திவிட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? இன்று காலையும் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அதுவும் போர் வீல்தான். ஆனால், கீழே புதுசாக ஒரு வரி:

'மாப்ளே, இதை வித்தா எவ்ளோ வரும்?'